செத்தவருக்குப் போட்ட இலை

அம்பத்தூர்,
13-8-72, ஞாயிறு

அன்புள்ள மகன் உத்தமனுக்கு அம்மா எழுதுவது. நானும் பேபியும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம். ஜபல்பூரில் மழை விட்டதா? ஈரச் சட்டையோடு வேலைக்குப் போகாதே.

உன் கார்டு வந்தது. நாலே வரி. "அந்த ஆள் எனக்கு எப்பவோ செத்தாச்சு, வர மாட்டேன்" என்று எழுதியிருக்கிறாய். உன்னைக் கோபித்துக்கொள்ள எனக்கு வாயில்லை. பதினோரு வருஷத்துக்கு முன்னால் உங்க நைனா அந்தத் திருநின்றவூர்க்காரியோடு போனபோது, தனியாக ரயில் ஏறிப் போய் அவள் வீட்டு வாசலில் நின்று கூப்பிட்டவன் நீ. அவர் கதவைத் திறக்கவில்லை. அப்போது உனக்குப் பதிமூன்று வயசு. நான் மறக்கவில்லை. ஆனாலும் போன கடிதத்தில் அவசரமாக நாலு வார்த்தைதான் எழுதினேன். நடந்ததை முழுக்க எழுதிவிடுகிறேன். படித்துவிட்டு உன் இஷ்டம்.

அவரோடு லாரி ஓட்டிய சுலைமான்தான் போன மாசக் கடைசியில் அவரை ரிக்‌ஷாவில் வைத்துக் கொண்டுவந்தார். "வவுத்துல கட்டியாம். பெரியாஸ்பத்திரியில கைய விரிச்சிட்டாங்க. அந்தம்மாவும் போன வருசமே பூட்சி. அண்ணாத்தைக்கு வேற எடம் இல்லம்மா" என்று சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் நின்றார். நான் முறத்தில் அரிசி வைத்திருந்தேன். திட்டவும் வரவில்லை, அழவும் வரவில்லை. கட்டை மாதிரி நின்றேன். உங்க நைனா என் வெறும் நெற்றியைப் பார்த்தார். "இன்னா கண்ணம்மா, யாரு பூட்டாங்க?" என்று கேட்டார். "நீதான்யா" என்றேன்.

பின்னே என்ன சொல்வது? ஓடிப்போனவன் மகளை எவன் கட்டுவான் என்று, போன வருஷம் பேபியைப் பெண் பார்க்க வந்தவர்களிடம் உன் மாமா தங்கவேல், குண்டூர் பக்கம் லாரி கவிழ்ந்து உங்க நைனா துலுக்கானம் செத்துவிட்டார் என்று சொல்லிவிட்டது. அதற்காக நான் பொட்டும் பூவும் எடுத்தேன். படத்துக்கு மாலை போட்டோம். கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள், உன் மாமன் புளுகு ஒரு வருஷம் தாங்கியது. உள்ளே வந்து படுத்தவர் சுவரில் மாட்டியிருந்த படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "நல்லாத்தான் கீது" என்றார். அவ்வளவுதான்.

பேபி தலை ஆடிக்கு இங்கேதான் வந்திருக்கிறாள். பூந்தமல்லிச் சம்பந்திக்குத் தெரிந்தால் அவள் வாழ்க்கை என்னாவது என்று உன் மாமா ஓடிவந்து இன்னொரு புளுகைக் கட்டியது. இவர் துலுக்கானத்தின் அண்ணன், பெயர் ராமன், பிள்ளைகளுக்குப் பெரியப்பா. உங்க நைனா தலையாட்டினார். பேபியும் அன்றிலிருந்து பெரியப்பா என்றே கூப்பிட்டாள், வீட்டில் வேறு யாரும் இல்லாதபோதும். அவள்தான் துணி அலசினாள், பாயை மாற்றினாள். முகம் மட்டும் பார்க்க மாட்டாள். அவள் பெரியப்பா என்னும்போதெல்லாம் அவர் ஒரு மூச்சு விட்டுவிட்டுத்தான் திரும்புவார்.

புதன்கிழமை ஆடி அமாவாசை வந்தது. போன வருஷம் புருஷனுக்குப் படைத்தவள் இந்த வருஷம் படைக்காவிட்டால் தெருவில் கேட்பார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? வாழைக்காய், வடை, பாயசம் எல்லாம் செய்து படத்துக்கு முன்னால் இலை போட்டேன். அவர் பாயில் படுத்துக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்தார். காக்காய்க்கு வைத்துவிட்டு வந்து, அந்த இலையை அப்படியே எடுத்து அவர் பக்கத்தில் வைத்தேன். வேறு யாருக்கு வைப்பது? வடையைப் பாயசத்தில் ஊறவைத்து ஒரு வாய் தின்றார். வாழைக்காய்க் கூட்டில் உப்பு கம்மி என்றார். போன வருஷம் காக்கா ஒரு குறையும் சொல்லவில்லை என்றேன். அவருக்குச் சிரிப்பு வந்தது. எனக்கும் வந்தது உத்தமா.

சாயங்காலம் உன்னைப் பற்றிக் கேட்டார். "பையன் அன்னிக்கி எம்மா நேரம் நின்னான் தெரியுமா? நான் உள்ளதான் இருந்தேன்" என்றார். மன்னிப்பு கேட்கத் தெரியாத ஜென்மம். அதற்கு மேல் அவருக்கு வாய் வராது, உனக்கே தெரியும்.

வெள்ளிக்கிழமை சம்பந்தியம்மா வேம்புலியம்மாள், கோயில் கூழை எடுத்துக்கொண்டு வந்தார்கள். படத்தையும் அவரையும் மாறி மாறிப் பார்த்து, "தம்பி ஜாடை அப்டியே கீது" என்றார்கள். அதற்கு அவர், "என் தம்பி நல்லவன் இல்லம்மா. போய்ச் சேந்ததே நல்லது" என்றார். எனக்கு அடுப்பைப் பார்க்கத் திரும்பிக்கொள்ள வேண்டியிருந்தது. சம்பந்தி நல்ல மனசோடுதான் கேட்டார்கள், பெரியவருக்குப் பிள்ளைகுட்டி உண்டா, நாளைக்கு யார் கொள்ளி வைப்பார்கள் என்று. யாராவது பங்காளி வைப்பான் என்றது, அன்றைக்கு வந்திருந்த உன் மாமா. "யாரு வெச்சா இன்னா, நெருப்பு பேரு கேக்கவா போவுது" என்றார் உங்க நைனா.

பேபி கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தாள். டம்ளரைக் கீழே வைத்தாள். "எங்க அண்ணன் வெக்கும். இது பெரியப்பா இல்ல, எங்க நைனா" என்றாள். அவள் குரலில் நடுக்கமே இல்லை. அப்புறம் அவர் தலையைத் தூக்கிப் பிடித்து, "நைனா, குடி" என்றாள். அவர் குடித்தார். ஒரு சொட்டு மிச்சமில்லாமல் குடித்தார், கண்ணிலிருந்து தண்ணீர் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

சம்பந்தி கூழ்ப் பாத்திரத்தைக்கூட எடுக்காமல் எழுந்து போய்விட்டார்கள். உன் மாமா தலையில் அடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடியது. இன்றைக்கு வரைக்கும் மாப்பிள்ளையிடமிருந்து சேதி இல்லை. ஆடி முடிந்தால் அழைத்துப் போக வருவார்களா, தெரியாது. பேபியைக் கேட்டால், வந்தால் போகிறேன், வராவிட்டால் அம்மா உன்னோடு உன் கம்பெனிக்கு வந்து திருகாணி எண்ணிப் பெட்டியில் போடுகிறேன் என்கிறாள். எனக்கு மனசு மரத்துப்போயிருக்கிறது. நேற்றும் வேலைக்குப் போனேன், வந்தேன், உலை வைத்தேன். பயப்பட வேண்டும் என்று தெரிகிறது, பயம்தான் வரவில்லை.

உன் தங்கை தன் வாழ்க்கையையே பணயம் வைத்து அவரை நைனா என்று கூப்பிட்டுவிட்டாள். உன் பேரிலும் ஒரு வார்த்தை கொடுத்துவிட்டாள். அவளைத் திட்டாதே. டாக்டர் நாள் எதுவும் சொல்லவில்லை. இரண்டு நாளாகப் பால் மட்டும்தான் இறங்குகிறது. தெருவில் செருப்புச் சத்தம் கேட்டால் வாசல் பக்கம் தலையைத் திருப்புகிறார். யாரை எதிர்பார்க்கிறார் என்று நான் கேட்கவில்லை.

நீ நோய்நொடி இல்லாமல் நூறு வயசு இருக்க வேண்டும். வந்தால் எதுவும் பேச வேண்டாம், பக்கத்தில் உட்கார்ந்தால் போதும். கொள்ளி வைக்க வா என்று நான் உன்னைக் கூப்பிடவில்லை. செத்தவருக்குச் செய்ய வேண்டியதை எல்லாம் இந்த வீட்டில் முன்னாலேயே செய்து முடித்துவிட்டோம். உயிரோடு இருக்கிறவருக்குத்தான் நாம் இன்னும் ஒன்றும் செய்யவில்லை. வாடா அப்பா.

உன் அம்மா
கண்ணம்மா