காலை 6.10, மூன்றாம் குடில்

நாள் 203. காலை 7.00

நிலவின் தென்துருவம், மூன்றாம் பனிக்குடில். எழுதுபவர்: இன்பராஜ், பம்ப் மெக்கானிக்.

நடந்தது எல்லாவற்றையும் நான் முன்பே சொன்னவன். அதை முதலில் பதிந்துவிடுகிறேன். இரண்டாம் பம்பின் சீல் இருநூறு நாளுக்குமேல் தாங்காது என்றேன், நேற்றுப் போயிற்று. வடிகட்டி அடைக்கும் என்றேன், அடைத்தது. தலைமை நிலையத்துப் பொறியாளர்கள் பெரிய படிப்புக்காரர்கள். ஐஸைப் பழரசத்தில் மட்டும் பார்த்தவர்கள். நான் பத்தாவதோடு நின்றவன், ஆனால் அறிவியலில் மாவட்டத்திலேயே முதல். போன சீலுக்குப் பதிலாக ஒரு பழைய செருப்பின் ரப்பரை வெட்டி ஒட்டினேன். நாசாக்காரன் வந்து படம் பிடித்துப் போகவேண்டிய வேலை.

குடிலில் இருவர். நான், என் தங்கை மெர்சியின் கணவர் குணசீலன். மாப்பிள்ளை பனியைத் துளையிடும் எந்திரம் பார்க்கிறார். நல்ல மனிதர். பயந்தாங்கொள்ளி.

நாள் 211. காலை 8.15

மாப்பிள்ளையின் பயத்துக்கு ஒரு பெயர் உண்டு. மரபணு. கொழுப்பைச் சுமக்கும் ஏதோ ஒரு புரதமாம், அதில் நாலாம் வகையாம். அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று, ஆக இரண்டு. அவருடைய அப்பா நாற்பத்தொன்பதில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போனார். அத்தை அறுபதில் பெற்ற மகளைப் பார்த்து நீ யார் என்றாள். இதைக் கண்டுபிடிக்க எச்சிலைக் குப்பியில் துப்பி லேபுக்கு அனுப்பினார்களாம். நான் பெண் கொடுக்கும்போதே, பந்தியில் அந்த வீட்டு ஆட்களின் முகத்தைப் பார்த்தே சொன்னேன். எச்சில் செலவில்லை.

அதற்காக மாப்பிள்ளை செய்கிற கூத்து: ஓட்ஸ், உப்பில்லாத கஞ்சி, இரண்டு மாத்திரை, எட்டு மணி நேரத் தூக்கம், ஓடுபட்டையில் நின்ற இடத்திலேயே நாற்பது நிமிட ஓட்டம். நிலவில் மனிதனின் எடை ஆறில் ஒரு பங்கு. இதயத்துக்கு இங்கே சம்பளத்தோடு விடுமுறை. இதைச் சொன்னால் சிரிக்கிறார். இன்று பம்பு அறையிலிருந்து ரேடியோவில் கேட்டேன்.

“மாப்ளே, அந்தப் பட்டையில ஓடி ஓடி எந்த ஊருக்குப் போறீரு?”

“அறுபத்தஞ்சு வயசுக்குப் போறேன் மச்சான். எங்க வீட்டு ஆம்பளைங்க ஒருத்தரும் அந்த ஊரப் பாத்ததில்ல.”

“அங்க போயி என்ன செய்யப் போறீரு?”

“ஒங்க தங்கச்சி பேர மறக்காம இருக்கப் போறேன். வேற என்ன.”

மூச்சு வாங்கிக்கொண்டே பேசுகிறார். ஓட்டத்தின் பயன் அவ்வளவுதான்.

நாள் 214. காலை 6.30

இணைச்சோதனை பற்றி ஒரு வார்த்தை. இது தலைமை நிலையத்து டாக்டர் ஜமீலாவின் கண்டுபிடிப்பு. தினமும் 6.10க்கு இருவரும் எதிரெதிரே உட்காரவேண்டும். கைப்பட்டை கட்டிப் பிரஷர் பார்க்கவேண்டும். சிரிக்கவேண்டும். இரண்டு கையையும் தூக்கவேண்டும். ஒரு முழு வாக்கியம் பேசவேண்டும். மற்றவர் அதைப் பதிவில் எழுதவேண்டும். பல் தேய்க்காத இரண்டு ஆண்கள் ஒருவரையொருவர் பார்த்து இளித்துக்கொண்டு கை தூக்குவதற்கு மருத்துவம் என்று பெயர். எனக்குப் பட்டை தேவையில்லை. முகத்தைப் பார்த்தே பிரஷர் சொல்வேன். எங்கள் ஊர் கம்பவுண்டரே என்னிடம் கேட்டுத்தான் எழுதுவார்.

இன்று மாப்பிள்ளைக்கு: 124/80.

நாள் 219. காலை 9.05

டாக்டரிடமிருந்து அழைப்பு.

“இன்பராஜ் சார், ரெண்டு வாரமா குணசீலனுக்கு தினமும் 124/80ன்னு எழுதியிருக்கீங்க. மனுஷ உடம்பு ஒரே நம்பர்ல நிக்காது.”

“நிக்குதே டாக்டரம்மா. சமையல் நான்தானே.”

“பக்கத்துல உக்காந்து பாக்கறீங்கதானே?”

“பின்ன, எட்டி நின்னா பாப்பேன்?”

பெரிய கண்டுபிடிப்பு. நாளையிலிருந்து 122, 127 என்று டாக்டரம்மாவுக்குப் பிடித்த மாதிரி மாறி மாறி வரும். அதையும் இப்போதே சொல்லிவைக்கிறேன்.

நாள் 226. காலை 6.10

சோதனை முடிந்தது. குணசீலன்: 123/79. சிரித்தார். இரண்டு கையும் தோளுக்கு மேல் போயின. வாக்கியம்: “இன்னிக்கு ஓட்ஸ்ல கொஞ்சம் வெல்லம் போடலாமா மச்சான்.” கூடாது என்றேன். வழக்கம்போல் முறைத்தார்.

நாள் 226. காலை 8.40

ஓடுபட்டைச் சத்தம் வரவில்லை. அவர் அறைக்குப் போனேன். படுக்கைக்கும் சுவருக்கும் நடுவே கிடக்கிறார். வாய் வலப்பக்கம் தொங்குகிறது. வலது கை, நான் தூக்கிவிட்டால் மெதுவாக இறங்குகிறது. இங்கே எல்லாமே மெதுவாகத்தான் இறங்கும். என்னைப் பார்க்கிறார். “ம” என்கிறார். அதற்குமேல் வரவில்லை.

நாள் 226. காலை 8.52

தலைக்கவச ஸ்கேனரை மாட்டினேன். படம் போயிற்று. டாக்டர் பேசியது, உள்ளபடி:

“மூளைக்குப் போற ரத்தக்குழாய்ல ரத்தக் கட்டி அடைச்சிருக்கு. ரத்தக்கசிவு இப்ப இல்ல. கட்டியக் கரைக்கிற ஊசி உங்க பெட்டியில இருக்கு. ஆனா முதல்ல, கடைசியா அவர் நல்லா இருந்தத நீங்க பாத்த நேரம் சொல்லுங்க.”

“ஆறு பத்து. பதிவுல இருக்கே.”

“பதிவு என் முன்னாடிதான் இருக்கு. உங்க கண்ணால பாத்தீங்களா? நாலரை மணி நேரத்துக்குள்ள போட்டா மூளையக் காப்பாத்தலாம். அதுக்கும் மேல ஆயிருந்தா அதே ஊசி மூளைக்குள்ள ரத்தத்தத் திறந்துவிடும். அவர் ஜீனுக்கு அந்த ஆபத்து இன்னும் ஜாஸ்தி.”

“பாத்தேன் டாக்டரம்மா. சிரிச்சாரு.”

“அப்ப 10.40 வரைக்கும் நேரம் இருக்கு. போடுங்க. வண்டி கிளம்புது, அஞ்சு மணி நேரத்துல வந்துரும்.”

நாள் 226. காலை 9.14

ஊசி போட்டாயிற்று. முதல் குத்திலேயே நரம்பு கிடைத்தது. பெரிய ஆஸ்பத்திரி நர்சுகள் நாலு தடவை குத்துவார்கள்.

நாள் 226. காலை 9.50

வலது கையின் சுண்டுவிரல் அசைந்தது. நான் சொன்னேன் அல்லவா. டாக்டரிடமும் சொன்னேன். அவர் சந்தோஷப்பட்டுப் பேசி இன்றுதான் கேட்கிறேன்.

நாள் 226. காலை 10.35

வாந்தி. இடது கையால் தலையைப் பிடித்துக்கொண்டு முனகுகிறார். பிரஷர் 210/118. பட்டை கட்டிப் பார்த்த எண். இரண்டாவது ஸ்கேன் அனுப்பினேன்.

“கசியுது. எப்படி... நேரத்துக்குள்ளதானே போட்டோம். இன்பராஜ் சார், தலையை உயர்த்தி வைங்க. கசிவ நிறுத்துற மாத்து ஊசி போடுங்க, நீல மூடி.”

நீல மூடி மூன்று இருந்தன. சரியானதைத்தான் எடுத்தேன். படித்துப் பார்த்து எடுத்தேன். மூன்று தடவை படித்தேன்.

நாள் 226. பகல் 12.05

கண்பாவை ஒன்று பெரிதாகிவிட்டது. கூப்பிட்டால் திரும்பவில்லை.

பூமியிலிருந்து மெர்சி. நான் பேசுவது அங்கே போய் அவள் பேச்சு திரும்பிவர மூன்று விநாடி ஆகும்.

“அண்ணே, காலைல நல்லாத்தான் இருந்தாராமே. நீ பாத்தன்னு டாக்டரு சொன்னாங்க.”

“பாத்தேம்மா.”

“என்ன பேசுனாரு?”

“ஒன்னப் பத்திதான். வெல்லம் போட்டு நீ குடுக்கிற கஞ்சி மாதிரி வருமான்னாரு.”

மூன்று விநாடி.

“அது போதும்ணே. அது போதும் எனக்கு.”

நாள் 226. பகல் 1.20

வண்டியின் வெளிச்சம் குடில் இருக்கும் பள்ளத்தின் விளிம்பில் தெரிகிறது. மூச்சு இருக்கிறது. இடைவெளி விட்டு வருகிறது. எண்ணுகிறேன். ஒன்பது விநாடி. பதினொன்று.

டாக்டர் லைனில் இருக்கிறார். பழைய பதிவுகளைத் திரும்பப் படிக்கிறாராம். தான் எங்கே தப்பு செய்தார் என்று என்னிடம் கேட்கிறார். நான் செய்தேனா, நான் செய்தேனா என்று இரண்டு தடவை. அந்தப் பெண்ணுக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. எழுதிவிட்டால் சொல்ல வரும் என்று முதலில் இங்கே...

6.10 பதிவை நான் 7.30க்குப் படுக்கையில் இருந்தபடி எழுதினேன். சோதனைக்கு எழவில்லை. அதற்கு முன்தினமும் எழவில்லை. அவரை நான் கடைசியாக நன்றாகப் பார்த்தது நேற்று மாலைச் சாப்பாட்டில். எப்போது விழுந்தார் என்று தெரியாது. என்னைக் கூப்பிட்டாரா என்று தெரியாது.

வெல்லம் கேட்கவில்லை. ஒன்றுமே கேட்கவில்லை. அவர் அறைக் கதவு மூடியிருந்தது. நான் திறக்கவில்லை.