கழுவு கம்மி பத்து

ஜூன் 6, 1988. திங்கள்.

காலை ஒன்பதுக்கே மண்டையைப் பிளக்கும் வெயில். ஆபீஸ் ஃபேன் ரிப்பேர். ஆம்பூரில் மழை என்று ஒன்று உண்டா?

ஷரீப் பாயோடு இன்றும் சண்டை. டேனரியின் ஃபோர்மேன். இருபது வருஷ அனுபவம், வாய் அதைவிட ஜாஸ்தி. எந்தத் தோலுக்கு எவ்வளவு சுண்ணாம்பு, எவ்வளவு ஆசிட், எத்தனை நிமிஷம் கழுவணும், எல்லாம் என் புரோகிராம்தான் கணக்குப் போட்டு ஷீட் அடித்துத் தருகிறது. ஒரே ஒரு நிமிஷம் மாற்றவும் நான் உள்ளே போய்த் திருத்தி, மெஷினுக்குப் புரிகிற மாதிரி மறுபடி முழுதும் கம்பைல் செய்யணும். அரை நாள் காலி.

"தோலத் தொட்டே பாக்காதவ, நீ எனக்கு ரூல் போடுறியா? ஒடச்சிப் போட்டுடுவேன் உன் பொட்டிய!"

மானிட்டரில் ஒரு குத்து. மேஜை ஓரம் வரை நகர்ந்துவிட்டது. கையில் கிடைத்த ஸ்டேப்லரை விட்டெறிந்தேன். அவர் புருவம் கிழிந்து ரத்தம். வருத்தமே இல்லை. இன்னும் கனமாக எதுவும் கிடைக்கவில்லையே என்றுதான் ஆத்திரம்.

வாங்க வேண்டியது: பிரிண்டர் ரிப்பன் 2. பஞ்சு. டிஞ்சர்.

ஜூன் 7. செவ்வாய்.

முதலாளி இருவரையும் நிற்கவைத்துக் கத்தினார். "அடிச்சிக்கணும்னா கேட்டுக்கு வெளியில போய் அடிச்சிக்கோங்க."

பஸ்ஸில் குடியாத்தம் வீட்டுக்குத் திரும்பும்போது யோசனை. புரோகிராம் பூட்டியபடியே இருக்கட்டும். பக்கத்தில் தனியாக ஒரு ஃபைல். பாய் தன் ரூல்களை அதில் எழுதட்டும். ஷீட் அடிக்கும்போது புரோகிராம் அதைப் படித்து அப்படியே செய்யும். கம்பைல் வேண்டாம், நான் வேண்டாம், அவர் மூஞ்சியை நானும் பார்க்க வேண்டாம்!

ஜூன் 8. புதன்.

முடிந்தது. சாப்பிடவில்லை. வார்த்தைகள் அவர் பேச்சிலிருந்தே எடுத்தேன், அடிப்பது மட்டும் ஆங்கில எழுத்தில். கழுவு, ஆசிட், சுண்ணாம்பு. ஜாஸ்தி என்றால் 'இதைவிட அதிகமா?' கம்மி என்றால் 'இதைவிடக் குறைவா?' ஆமாம் என்றால் ஒன்று, இல்லை என்றால் பூஜ்யம்.

பூஜ்யம் வரும் வரிகளை ஷீட்டில் அடிக்காதபடி செய்துவிட்டேன். பேப்பர் மிச்சம். பார்க்கவும் லட்சணம்.

ஷரீப் பாய், புருவத்தில் பிளாஸ்திரியோடு, ஒற்றை விரலால் தட்டித் தட்டி ஒரு ரூல் எழுதினார். ஷீட் வந்தது. பேப்பரை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார். "மேடம், பொட்டி என் பேச்சக் கேக்குது!"

திங்கள் 'நீ'. புதன் 'மேடம்'.

ஜூன் 9. வியாழன்.

பாய் இன்று எட்டு ரூல் எழுதினார். நான் ஒன்றையும் படிக்கவில்லை. அவர் பாடு.

தோலைப் போட்டுச் சுழற்றும் டிரம் ஓட்டுகிற இருவருக்குள் கைகலப்பு, ஒருவன் பல் போச்சு. ஷீட்டில் ஒன்று, பாய் வாயால் சொன்னது ஒன்று, எதைச் செய்வது என்று. முதலாளி உடனே நோட்டீஸ் ஒட்டினார்: ஷீட்டில் உள்ளதை மட்டுமே செய்யவும். படித்தபோது எனக்குக் கொஞ்சம் கர்வம். கொஞ்சமா? நிறைய.

ஜூன் 10. வெள்ளி.

ஏழுமலை செத்துப்போனார்.

எழுதிவிடுகிறேன். பாய் தொழுகைக்குப் போயிருந்த நேரம். மூன்றாம் டிரம் ஓட்டும் ஏழுமலை ஆபீஸ் வாசலில் வந்து நின்றார், கையில் ஷீட், ஈரக் கால்.

"மேடம், குட்டித் தோலு. சுண்ணாம்புக்கு அப்பால கழுவுறது போடலியே? நேரா ஆசிட்டு வந்துகீது."

நான் வேறு ஏதோ அடித்துக்கொண்டிருந்தேன். நிமிரவில்லை. "ஷீட்ல இல்லன்னா இல்ல. நோட்டீஸ் படிக்கலியா?"

போனார்.

சுண்ணாம்போடு சல்பைடு போட்ட தோல். கழுவாமல் ஆசிட் பட்டால் விஷவாயு. டிரம் கதவைத் திறந்து தலையை உள்ளே நீட்டினாராம். அப்படியே சாய்ந்தார். இழுக்கப் போனவனும் விழுந்தான், அவன் பிழைத்தான். அழுகின முட்டை நாற்றம் ஆபீஸ் வரை. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது.

ஜூன் 11. சனி.

ரூல் ஃபைலைத் திறந்தேன். ஐந்தாவது வரி. குட்டித் தோல் என்றால்:

கழுவு = கழுவு கம்மி 10

பத்து நிமிஷம் குறைத்துக்கொள் என்று எழுதியிருக்கிறார். இந்த ஊரில் கம்மி பண்ணு என்றால் குறை என்றுதானே அர்த்தம்! வெங்காயம் வாங்கும்போது நானே தினமும் சொல்கிறேன். என் புரோகிராம் வேறு விதமாகப் படித்தது. வழக்கமாகக் கழுவுவது நாற்பது நிமிஷம். நாற்பது, பத்தைவிடக் குறைவா? இல்லை. இல்லை என்றால் பூஜ்யம். பூஜ்யம் என்றால் ஷீட்டில் வரியே கிடையாது.

முதலாளி கதவைச் சாத்திவிட்டுப் பேசினார். "ரூல் எழுதினது ஷரீப். உன் புரோகிராம் சரியாத்தானே வேல செஞ்சுது? போலீஸ்ல அத மட்டும் சொல்லு."

பொய்யில்லை, அதுதான் கொடுமை. வெளியே வந்து பீரோவை உதைத்தேன். தகரம் நெளிந்தது, கட்டைவிரல் நகம் பிய்ந்தது. ஏழுமலை என்னைக் கேட்டது எனக்கும் செத்தவருக்கும் மட்டும்தான் தெரியும்.

ஜூன் 12. ஞாயிறு.

லீவு. இருந்தும் முதல் பஸ். கேட்டுக்கு வெளியே கூட்டம். ஷரீப் பாயைத் தரையில் போட்டு மிதிக்கிறார்கள், ஏழுமலையின் மச்சான்கள். "கழுவாம ஊத்தச் சொன்னவன் இவன்தாண்டா!" திங்களன்று நான் கிழித்த புருவம் மறுபடி திறந்து கண் முழுக்க ரத்தம். ஒருத்தன் காலில் செருப்பு, இன்னொருத்தன் கையில் கட்டை.

உள்ளே பாய்ந்தேன். முதுகில் ஒன்று விழுந்தது. "அவர விடுங்க! ஏழுமலை என்னைத்தான் கேட்டாரு! நான்தான் சொன்னேன்!"

கட்டை நின்றது. அஞ்சலை முன்னால் வந்தாள். ஏழுமலையின் மனைவி. அழுகை இல்லை.

"உன்கிட்ட வந்து கேட்டாரா?"

"கேட்டாரு."

"நீ இன்னா சொன்ன?"

"ஷீட்ல இல்லன்னா இல்லன்னு."

"அந்த ஷீட்டப் பாத்துட்டுச் சொன்னியா, பாக்காம சொன்னியா?"

"பாக்காம."

அடித்தாள். மறுபடி, மறுபடி. யாரும் தடுக்கவில்லை, ஷரீப் பாய் உட்பட. நானும் கையைத் தூக்கவில்லை.