பிக்கப் வெடித்தது, பழி என் தலையில்

தொம்மலூர், பெங்களூர்
14.7.1996

அன்புள்ள அம்மா,

நான் நலம். உன் முழங்கால் வலி எப்படி? இங்கே சாப்பாடும் உண்டு, தூக்கமும் உண்டு. இரண்டுக்கும் நேரம்தான் இல்லை.

பயப்படாமல் படி. நேற்று மெக்கானிக் ஷெட்டில் ஒரு பழைய பிக்கப் வேனுக்குப் புது டிஸ்ட்ரிபியூட்டர் மாட்டினோம்; என்ஜின் பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் சாமான் அது. பிளக் ஒயர் நான்கையும் போட்டது கோவிந்தப்பா மேஸ்திரிதான். நான் சாவியை மட்டும் திருப்பினேன். கார்புரேட்டர் வழியாகத் தீ வெடித்து, குனிந்திருந்த அவருடைய மீசையில் பாதி லீவு எடுத்துக்கொண்டது. கண்ணுக்கு ஒன்றும் இல்லை.

"ஒயரை மாத்தி வெச்சி விளையாடினியாடா? மூட்டையைக் கட்டு" என்றார். போன வாரம் அவர் டீயில் உப்புப் போட்டவன் நான். அதனால் "நான் தொடவே இல்ல மேஸ்திரி" என்று அழுதபோதுகூட, "சூப்பர் ஆக்டிங் குரு" என்றான் கூட வேலை செய்யும் மஞ்சுநாத்.

பிறகு மேஸ்திரி டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றினார். பழையதில் இருந்த இடத்திலேயே ஒயர்களைப் போட்டிருக்கிறார். புதியதில் முதல் பிளக்கின் இடம் எதிர்ப்பக்கம். மாற்றிப் போட்டுவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல், "சாவியைத் திருப்புடா" என்றார். வண்டி உடனே கிளம்பியது.

கடிதம் கொண்டுவரும் ஏகாம்பரம் மாமா அவசரப்படுத்துகிறார். அவரிடமே எலுமிச்சை ஊறுகாயும் உன் பழைய புடவை ஒன்றும் கொடுத்தனுப்பு, போர்த்திக்கொள்ள. நீ அங்கே நின்றிருந்தால் என்னை நம்பியிருப்பாயா? அதை மட்டும் மறக்காமல் எழுது.

உன் மகன்
தேவேந்திரன்