இடது ஓரத்தில் மட்டும் கலங்கும் கேமரா

அன்பு மகளுக்கு,

நீயும் மாப்பிள்ளையும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்பி அப்பா எழுதுவது. இங்கே எனக்கும் அம்மாவுக்கும் உடம்புக்கு ஒன்றும் இல்லை, பேச்சுதான் மூன்று நாளாக நின்றுபோயிருந்தது, இன்று காலைதான் திரும்பி வந்தது. அவள் போனில் உன்னிடம் கொட்டுவதற்குள் என் பக்கத்து நியாயத்தையும் நீ கேட்டுவிட வேண்டும்.

நீ முதல் சம்பளத்தில் வாங்கித் தந்த அந்தச் சின்னக் கேமராவில்தான் அம்மா ஆஸ்பத்திரி நர்ஸ் வேலையிலிருந்து ஓய்வு பெறும் நாளைப் படம் எடுப்பது என்று முடிவு செய்தேன். தராசையும் எடைக்கல்லையும் சோதித்தே முப்பது வருஷம் சம்பளம் வாங்கியவன், சோதிக்காமல் விடுவேனா, கூடத்துச் சுவரில் செய்தித்தாளை விரித்து ஒட்டிப் படம் எடுத்து, கணினியில் பெரிதாக்கிப் பார்த்தேன். நடுவில் எழுத்தெல்லாம் கண்ணாடி மாதிரி துல்லியம், இடது ஓரத்தில் மட்டும் நனைந்த தாள் மாதிரி ஊறிக் கிடந்தது. ரிப்பேர் கடைக்காரர் பார்த்துவிட்டு, "லென்ஸ் ஒரு பக்கமா சாஞ்சிருக்கே, கீழ போட்டீங்களா சார்?" என்றார். இல்லவே இல்லை என்று சாதித்துவிட்டேன். உன்னிடம் மட்டும் சொல்கிறேன், உன் கல்யாணத்துக்கு முந்தின வாரம் மாடிப்படியில் கைதவறிவிட்டது. வீட்டுக்கு வந்து அதற்கப்புறம் எடுத்த படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். வலது ஓரத்தை உன் அத்தை யாருக்கும் விட்டுத்தர மாட்டாள், அந்தப் பக்கம் நின்றால்தான் தன் முகம் எடுப்பாம். எல்லாரையும் நிற்கவைத்துவிட்டுக் கடைசியில் ஓடிவரும் அம்மாவுக்கு எப்போதும் இடது ஓரம். உன் கல்யாணத்திலிருந்து ஒரு படத்தில்கூட அவள் முகம் தெளிவாக இல்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அதனால் இந்த ஒரு படமாவது சரியாக விழ வேண்டும் என்று ஒரே பிடிவாதம். வேறு யாரும் போனில் எடுக்கக் கூடாது, வீட்டுக்காரன் நான் இருக்கிறேன் என்று முன்கூட்டியே எல்லாரையும் தடுத்துவிட்டேன். அன்று ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்தால் நடு நாற்காலியில் பெரிய டாக்டர், அம்மா வழக்கம்போல இடது ஓரத்தில். என் வாய் சும்மா இருக்குமா, "சார், நடுவுல இருந்தாத்தான் முகம் தெளிவா விழும், நீங்க ஓரமாப் போங்க, நீங்க கலங்கினா பரவாயில்ல" என்று சொல்லிவிட்டேன். பாவம், நல்ல மனுஷன், எழுந்து அம்மா இருந்த ஓரத்துக்குப் போய்விட்டார். அம்மா முகம் சிவக்க நடுவில் வந்து உட்கார்ந்தாள். நான் ஜூமை அழுத்தினேன், லென்ஸ் பாதி வெளியே வந்து கரகரவென்று அரைத்துக்கொண்டு நின்றுவிட்டது. அணைத்துப் போட்டேன், ஊதினேன், உள்ளங்கையில் தட்டினேன். என் சட்டைப் பையிலிருந்த பிஸ்கட் தூள் உள்ளே போயிருக்கிறது என்று பிறகுதான் தெரிந்தது. படத்துக்குச் சிரித்தபடியே இருந்து எல்லாருக்கும் தாடை வலித்திருக்கும். "போதும், மானத்த வாங்காதீங்க" என்று அம்மா கையை ஓங்கினாள் பார், அந்த நொடியில் லென்ஸ் சட்டென்று முழுசாக நீண்டது, நானும் அழுத்திவிட்டேன். அந்த ஒரே படம்தான், அதோடு கேமரா உயிரை விட்டது.

இன்று காலை பிரிண்ட் வந்தது. அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஜன்னலோரம் போய் வெகுநேரம் பார்த்தாள். விடைத்த மூக்கு, நெற்றி நரை, சீருடையில் குத்தியிருக்கும் கடிகாரத்தின் முள் எல்லாம் தெரிகிறது. "இவ்வளவு கோவமாவா இருந்தேன்" என்றாள். கொஞ்சம் கழித்து, "நல்லாத்தான் இருக்கேன்" என்றாள். மூன்று நாளில் அவள் என் காதில் போட்ட முதல் பேச்சு அதுதான். பக்கத்து வீட்டுக்காரி வந்து, ஓரத்தில் புகை மாதிரி நிற்பது யார் என்று கேட்டதற்கு, "பெரிய டாக்டர்னு நினைக்கிறேன், சரியாத் தெரியல" என்றாளே பார்க்கலாம்.

இருவரும் எந்தக் குறையும் இல்லாமல் நீடூழி வாழ வேண்டும். வேளாவேளைக்குச் சாப்பிடு, புதுக் கேமரா எதுவும் வாங்கி அனுப்பாதே. படத்தை இதோடு வைத்திருக்கிறேன். சட்டம் சின்னதாக இருந்தால் ஓரத்தில் எவ்வளவு வேண்டுமானாலும் வெட்டிக்கொள், நடுவில் இருப்பவளை மட்டும் முழுசாக வை.

ஆசிகளுடன்,
உன் அப்பா