உங்கள் டைரிகளில் ஒரு பெயரைத் தேடினேன்

கைராசிக்காரர் என்று மலை முழுக்கப் பேரெடுத்த என் அப்பாவுக்கு,

நம் ஊர் எருத்தேன்பதியில் இந்த வருஷம் மழை பரவாயில்லை. கிணற்றில் தண்ணீர் நிற்கிறது. நீங்கள் முதலில் கேட்பது அதுதான் என்பதால் முதலிலேயே சொல்லிவிட்டேன். இனி என் சங்கதி.

உங்கள் டைரிகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டேன் அப்பா. எழுபதுகளில் இடுக்கி எஸ்டேட் டிஸ்பென்சரியில் நீங்கள் கம்பவுண்டராக இருந்தபோது ஆபீஸில் வருஷாவருஷம் கொடுத்த டைரிகள், அவற்றுக்குள் செருகியிருந்த மருந்துச் சீட்டுகள், கடிதங்கள், டானிக் லேபிளின் முதுகில் கிறுக்கியவை, எல்லாவற்றையும். நாலாயிரம் பக்கத்துக்கு மேல். ஒவ்வொன்றையும் நானே ஸ்கேன் செய்தேன். கோயமுத்தூரிலிருந்து தம்பி சுந்தரம் போனில் சிரித்தான். "ஏக்கா, இத்தனையும் ஏத்தி வெச்சு என்ன பண்ணப் போறே?" என்றான்.

ஏற்றுவது சுலபம். ஏற்றியதிலிருந்து வேண்டியதை எடுப்பதுதான் பாடு. கஞ்சிக்கோட்டில் ஒரு கம்பெனி ஸ்டோர்ஸில் இருந்தவள் நான். எந்த நட்டு எந்த ரேக்கில் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். ஆனால் உங்கள் பக்கங்களுக்கு ரேக்கும் இல்லை, நம்பரும் இல்லை. மழையும் மருந்தும் ஆள் பெயரும் ஒரே வரியில் கிடக்கின்றன. மருந்து ஆங்கிலத்தில், ஆபீஸ் சமாச்சாரம் மலையாளத்தில், மனசில் பட்டது தமிழில். யாருக்காக அப்பா அப்படி எழுதினீர்கள்?

தேடித் தரும் மென்பொருள்களை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். முதலாவது, ஃபைல்களுக்கு நான் வைத்த பெயர்களை மட்டும் தேடியது. உள்ளே எழுதியிருப்பதைத் தொடவே இல்லை. இரண்டாவதுக்கு அச்செழுத்துதான் தெரியும். உங்கள் காய்ச்சலை அது காய்கறி என்று படித்தது. மூன்றாவது கையெழுத்தை நன்றாகவே படித்தது. ஆனால் பக்கங்களையெல்லாம் இன்டர்நெட்டில் அவர்களுக்கு அனுப்பச் சொன்னது. அதை அன்றே நீக்கிவிட்டேன். நோயாளிகள் உங்களிடம் சொன்னதை நான் யாருக்கு அனுப்புவது?

விடவில்லை. விசாரித்து விசாரித்து, வீட்டுக் கம்ப்யூட்டருக்குள்ளேயே வேலை செய்யும் ஒன்றைப் பிடித்தேன். மூன்று மொழியும் படிக்கும். எழுத்து பிசகினாலும், இதுவாக இருக்குமோ என்று கிட்டத்தட்ட ஒத்துவரும் சொல்லையும் காட்டும். சோதிக்க என் பெயரையே போட்டேன். 'தனத்துக்கு ஜுரம். நாடி சீராக உள்ளது' என்று வந்தது. பெற்ற மகளையும் பேஷண்டாகத்தான் எழுதியிருக்கிறீர்கள். சிரித்துவிட்டேன்.

போன வைகாசியில் ஒரு பெண் வந்தாள். பேச்சியம்மாள் என்று பெயர். ஐம்பது வயதிருக்கும். உடுமலை இறங்கி, பொள்ளாச்சி வந்து, மூன்று பஸ் மாறி நம் வீட்டைக் கண்டுபிடித்திருந்தாள். நீங்கள் இருந்த அதே எஸ்டேட்டில் தேயிலைக் கொழுந்து எடுப்பவள். அவளை வளர்த்த அம்மா சாகும்போது, "நான் ஒன்னயப் பெறல. கம்பவுண்டர் ஐயாதான் கொண்டாந்து கையில குடுத்தாரு" என்று சொல்லியிருக்கிறாள். பெற்றவள் பெயரைச் சொல்வதற்குள் பேச்சு நின்றுவிட்டது. உங்கள் டைரிகள் என்னிடம் இருப்பதை எஸ்டேட்டில் யாரோ சொல்லக் கேட்டு வந்திருக்கிறாள்.

"எங்கம்மா பேரு மட்டும் தெரிஞ்சா போதும்க்கா" என்றாள்.

அவள் பெயரைப் போட்டேன். ஒன்றும் வரவில்லை. வராதுதான், அது பிற்பாடு வைத்த பெயர். 'குழந்தை' என்று போட்டால் நூற்றுக்கணக்கில் வந்து கொட்டியது. 'தத்து' என்ற சொல்லே உங்களிடம் இல்லை. 'பிரசவம்' என்று வந்ததையெல்லாம் படித்துப் பார்த்தேன். எல்லாம் தாயும் சேயும் நலம்.

காபி போட அடுப்படிக்குப் போனேன். பால் காய்வதற்குள் உறைத்தது. இவ்வளவு நேரமும் என் சொற்களைப் போட்டுத் தேடிக்கொண்டிருக்கிறேன். எழுதியவர் நீங்கள் அல்லவா? டிஸ்பென்சரியிலிருந்து வந்து கால் கழுவும்போது அம்மாவிடம் என்ன சொல்வீர்கள்? "இன்னிக்கு ஒரு உசுரு வந்துச்சு" என்பீர்கள். செத்துப்போனார்கள் என்ற சொல் உங்கள் வாயில் வந்ததே கிடையாது.

அவள் பிறந்தது என்ன காலம் என்று பேச்சியிடம் கேட்டேன். பனியில் தேயிலை கருகிய வருஷம் என்று வளர்த்த அம்மா சொன்னதாகச் சொன்னாள். 'உசுரு', 'பனி' இரண்டையும் சேர்த்துப் போட்டேன். ஒரே ஒரு பக்கம் வந்தது.

கண்ணாடி கொண்டுவரவில்லை, நீங்களே படியுங்கள் என்றாள். படித்தேன்.

'கடும் பனி. கொழுந்து கருகிவிட்டது. நாலாம் லைன் வீட்டு முத்துலட்சுமி, வயது இருபது, ஊர் சங்கரன்கோவில் பக்கம். புருஷன் இறந்து நாலு மாதம். ஒரு உசுரு வந்தது, ஒரு உசுரு போனது. பெண் பிள்ளை. தாயின் நெஞ்சின் மேல் வைத்தேன். கண் திறந்து பார்த்தாள், தலையைத் தடவினாள்.'

அடுத்த வரிக்கு என் கண் முதலில் போய்விட்டது அப்பா. வாய் நின்றுவிட்டது. அவளால் படிக்க முடியாது. தாண்டிவிட்டால் யாருக்கும் தெரியாது. உங்கள் கைராசி அப்படியே இருக்கும்.

தாண்டவில்லை.

'ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக எஸ்டேட் ஜீப் கேட்டேன். விருந்தாளிகளைக் கூட்டிவரப் போயிருக்கிறதாம். ரத்தப்போக்கு கண்ட உடனே கேட்டிருக்க வேண்டும். என்னால் சமாளிக்க முடியும் என்று இருந்துவிட்டேன். தவறு என்னுடையது.'

'கண் திறந்து பார்த்தாள்' என்ற வரியை இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள் பேச்சி. படித்தேன்.

"என்னயப் பாத்திருக்கா" என்றாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "ஐயா இத மனசுக்குள்ளேயே வச்சிருந்தாராக்கா?"

"எங்களுக்கே இன்னிக்குத்தானுங்க தெரியும்" என்றேன்.

"பாவம் ஐயா" என்றாள். அந்தப் பக்கத்தைப் பிரின்ட் போட்டுக் கொடுத்தேன். நாலாக மடித்துப் பர்சில் வைத்துக்கொண்டு நாலு மணி பஸ்ஸுக்குப் புறப்பட்டாள்.

ஏன் அப்பா எங்களிடம் சொல்லவில்லை? அம்மாவிடமாவது சொன்னீர்களா? அந்தப் பிள்ளை லைனில் ஓடி விளையாடும்போது தினமும் பார்த்திருப்பீர்களே, எப்படித் தாங்கினீர்கள்?

ஆடி அமாவாசை அன்று பேச்சி போன் செய்தாள். ஆற்றில் எள்ளும் தண்ணீரும் விட்டாளாம். "ரெண்டு அம்மா பேரும் சொல்லி விட்டேன்க்கா. கம்பவுண்டர் ஐயாவுக்கும் ஒரு கை விட்டேன்" என்றாள். நான் போனை வைத்துவிட்டு உங்கள் படத்துக்கு முன்னால் போய் அதைச் சத்தமாகச் சொன்னேன். காதில் விழுந்ததா?

இதைக் கேட்டதும் சுந்தரத்துக்கு உற்சாகம் தாங்கவில்லை. எல்லாப் பக்கத்தையும் இன்டர்நெட்டில் போடு, இன்னும் எத்தனை பேர் தேடுகிறார்களோ என்கிறான். நல்ல மனசில்தான் சொல்கிறான். முடியாது என்று சொல்லிவிட்டேன். விஷம் குடித்துப் பிழைத்தவர்கள், கலைந்த கர்ப்பம், யாருக்கும் தெரியாமல் மருந்து கேட்டு வந்தவர்கள், எல்லோரும் அதில் இருக்கிறார்கள். இந்த மென்பொருள் எவரையும் ஒரு நொடியில் காட்டிக்கொடுத்துவிடும்.

அதனால் உங்களுக்கு ஒரு வாக்கு. இந்தப் பக்கங்கள் வீட்டை விட்டு வெளியே போகாது. தன்னைப் பற்றிக் கேட்டு யார் வந்தாலும் உட்காரவைத்துத் தேடிக் கொடுப்பேன். அடுத்தவரைப் பற்றிக் கேட்டு வந்தால் காபி கொடுத்து அனுப்பிவிடுவேன். தேடிக் கிடைத்த பக்கத்தை, உங்களை நீங்களே குறை சொன்ன வரி உட்பட, ஒரு எழுத்து விடாமல் படிப்பேன்.

உங்கள் கையெழுத்து பழகிப்போன மூத்த மகள்,
தனலட்சுமி