முட்டிக்கு அடியில் வைத்த தலையணை

நம் செண்பகத்தின் அப்பாவுக்கு,

உங்கள் பெயரை நான் வாயால் சொன்னதில்லை. நீங்கள் செத்து எட்டு வருஷமாகியும் நாக்கு வரவில்லை. அங்கே சௌகரியமா? தறிக்குழியில் காலைத் தொங்கப் போடாமல் ஒருநாளாவது உட்கார முடிகிறதா?

எழுதுவது செண்பகம். தறியை மிதிக்க இவள் கால் உதவாது என்று, இடுப்பில் தூக்கிக்கொண்டுபோய்ப் பள்ளிக்கூடத்தில் விட்டேன். இப்போது யுத்தத்துக்குப் போன புருஷன்மாருக்கு எங்கள் தெருப் பெண்கள் இவளிடம்தான் கடிதம் எழுதி வாங்குகிறார்கள். இன்று உங்கள் திதி. "எனக்கும் ஒண்ணு எழுதித் தா, ஒங்கப்பாவுக்கு" என்றேன். "அந்த ஆளுக்கா?" என்று முகத்தைச் சுளித்தாள். நான் சொல்வதில் ஒரு வார்த்தை விடாமல் எழுதுவதாகச் சத்தியம் வாங்கிக்கொண்டுதான் ஆரம்பித்தேன்.

உங்களை அவளுக்கு ஆகாது. உங்களுக்குப் படைத்த இலையில் ஒருநாளும் அவள் கை வைத்ததில்லை. "செத்தது நல்லதாப் போச்சு" என்றுகூட ஒருமுறை சொன்னாள். நான் அதட்டவில்லை.

மூன்று வயதில் காய்ச்சல் விட்டபோது இவளுடைய வலது கால் துவண்டு கிடந்தது. மதுரை டாக்டர் சொன்னார் என்று மூங்கில் பத்தை வைத்துக் காலைக் கட்டினீர்கள். காலையும் மாலையும் அவிழ்த்து, முட்டியை அழுத்தி நீட்டினீர்கள். "அம்மா, அப்பாவ அடி!" என்று பிள்ளை அலறுவாள். "பெத்த பிள்ளையா, பாவு நூலா? இந்த இழுப்பு இழுக்கீக!" என்று நான் சண்டைக்கு வருவேன். "இப்ப அழுவா. பெறகு நடப்பா" என்பீர்கள். உங்கள் கண்ணும் கலங்கியிருக்கும். அதை இவளிடம் நான் சொன்னதே இல்லை.

நீங்கள் சேலை மூட்டையோடு காரியாபட்டிச் சந்தைக்குக் கிளம்பியதும் கட்டை அவிழ்ப்பேன். முட்டிக்கு அடியில் இலவம்பஞ்சுத் தலையணையை வைப்பேன். கால் மடங்கியதும் பிள்ளை சிரிப்பாள். அந்தச் சிரிப்புக்காக என்ன வேண்டுமானாலும் செய்திருப்பேன்.

இரண்டே நாள் வாந்திபேதியில் நீங்கள் போனீர்கள். பதினாறாம் நாள் சமையலுக்கு அந்த மூங்கில் பத்தையையும் அடுப்பில் வைத்தேன். அழுதேன்தான். ஆனால் இனி என் பிள்ளையை அலற வைக்க ஆளில்லை என்று நிம்மதியாகவும் இருந்தது. அதற்குப் பிறகு தலையணையை எடுக்கவே இல்லை.

முட்டி அப்படியே மடங்கி நின்றுவிட்டது. ஏன் என்று கேட்டவளிடம், "ஒங்கப்பன் இழுத்து இழுத்துக் கெடுத்துப்புட்டாரு" என்றேன்.

போன வாரம் டவுன் ஆஸ்பத்திரி நர்ஸம்மா இவளைத் தூக்கி வண்டியில் உட்கார வைத்துவிட்டு என்னிடம் கேட்டாள். "முட்டி இப்பிடி மடங்கி இறுகியிருக்கே, அடியில தலகாணி வச்சது யாரு? நீட்டி விட்டுக்கிட்டே இருந்திருந்தா, காலுக்குத் தாங்கு கம்பி மாட்டி இந்நேரம் இவ நடந்திருப்பா."

வைத்தது நான்தான். காலைக் கெடுத்தது இழுத்த நீங்கள் இல்லை. கெடுத்தவள் நான்.

பேனா நின்றுவிட்டது. செண்பகம், சத்தியம் பண்ணியிருக்கிறாய், எழுது. நின்றதையும் எழுது.

அவள் அழவில்லை. "அப்பா இருந்திருந்தா நடந்திருப்பேனா?" என்று மட்டும் கேட்டாள். ஆமாம் என்றேன். "மேல சொல்லு" என்கிறாள். என்னை ஏசினால்கூடத் தேவலை.

இப்போதும் தினம் நீட்டினால் கொஞ்சம் நிமிருமாம். உயிர் போகிற மாதிரி வலிக்குமாம். நாளைக் காலையிலிருந்து நானே நீட்டுகிறேன். அலறட்டும், என்னை அடிக்கட்டும், நான் விடமாட்டேன். உங்கள் மேல் சத்தியம்.

கீழே 'செண்பகத்தின் அம்மா' என்று போடம்மா. போட்டுவிட்டாயா? போட்டுவிட்டேன் என்கிறாள். எனக்கு எங்கே வாசிக்கத் தெரியும்?

இப்படிக்கு,
அப்பாவின் மகள்,
செண்பகம்