மலை தெரியும் சன்னல்

ஏனுங்க, இந்தச் சீட்டைச் சுவரிலிருந்து பிய்க்காமல், எட்ட நின்றே படியுங்க. வீட்டுக்குள் போகாதீங்க.

பெரிய சன்னலுக்காக நீங்க நேற்றுச் சுவரை இடித்தீங்களே, அந்த இடத்துக்கு மேலே விரிசல் விட்டிருக்கிறது. காலையில் கொத்தனார் மாரப்பன் வந்து பார்த்தார். "மண்ணுச் செவுருங்க அம்மிணி, இத்தனை அகலத்துக்கு இடிச்சா தாங்குமுங்களா?" என்றார். விரிசலின் குறுக்கே ஒரு காகிதத்தை ஒட்டினார். சுவர் அசைந்தால் அது கிழியுமாம். மத்தியானமே கிழிந்துவிட்டது. முட்டுக் கொடுக்க மரம் கொண்டுவரப் போயிருக்கிறார். மேற்கே மழை இருட்டிக்கொண்டு வருகிறது.

மலை தெரியச் சன்னல் கேட்டவள் நான்தான். கொத்தனார் வருவதற்குள் கடப்பாரையை எடுக்கச் சொன்னவள் நானில்லை.

பாப்பாவோடு பூவாத்தாக்கா வீட்டில் இருக்கிறேன். சோறும் மொச்சைக் குழம்பும் மாட்டுக் கொட்டகை உறியில் இருக்கின்றன.

கமலாத்தாள்

டிரான்சிஸ்டர் உள்ளேதான் இருக்கிறது. அதற்காகவும் போகாதீங்க.

மாரப்பன் ஒட்டியது கிழிந்த இடத்தில்தான் இந்தச் சீட்டை ஒட்டியிருக்கிறேன். இதுவும் கிழிந்திருந்தால் படித்துக்கொண்டு நிற்காதீங்க, ஓடி வந்துடுங்க. திட்டுவதற்கு எனக்கு நீங்க முழுசாக வேணும்.